எடையும் ஈரமும் எங்கள் கண்முன்னே பார்க்கப்பட வேண்டும்: ஏற்காட்டில் காப்பி வாங்கும் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காடு மலையில் காப்பி வாங்கும் வியாபாரிகளுக்கு,

இந்தப் பருவத்திலிருந்து செர்ரி (தோலோடு காய்ந்த காப்பிப் பழம்) மூட்டைக்கு எடையில் 3 கிலோ கழிவு பிடிப்பது என்று நீங்கள் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறீர்கள். ஈரம், அவுட்டர்ன் (செர்ரியை உடைத்தால் நிற்கும் பருப்பின் அளவு) இரண்டையும் இனி மலையில் பார்ப்பதில்லை, சேலத்துக் குடோனில் பார்த்து மறுநாள் போனில் சொல்வது என்றும் முடிவாகியிருக்கிறது. எங்களில் ஒருவரைக்கூட நீங்கள் கேட்கவில்லை. தகவலும் நேராக வரவில்லை; சாக்கு கொண்டுவந்த வேன்காரர் சொல்லித்தான் எங்கள் ஊருக்குத் தெரியும். இந்த முடிவை நாங்கள் ஏற்கவில்லை.

உங்களில் சிலரிடம் கடை வாசலில் நின்று பேசிப் பார்த்தேன். "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவும்மா, நான் ஒருத்தன் மாத்த முடியாது" என்ற ஒரே பதில்தான் எங்கேயும் கிடைத்தது. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து, மற்றவர்களும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நாகலூர் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் காப்பி. சில்வர் ஓக் நிழலில் அரபிகா, மரத்தில் மிளகுக்கொடி. பழத்தோலை உரிக்கும் பல்பர் இயந்திரம் வாங்க வசதியில்லை, அதனால் பழத்தை எடுத்து அப்படியே களத்தில் காயவைத்துச் செர்ரியாக விற்கிறோம். சேர்வராயன் மலையின் 67 கிராமங்களிலும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் விற்கின்றன. வருடம் முழுவதும் செய்த பாட்டுக்குப் பணம் வருவது அந்தச் சில மூட்டைகளில்தான்.

உங்களுக்குத் தெரிந்ததையே மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த செர்ரி என்பது தோலும் பருப்பும் சேர்ந்தது. 100 கிலோ செர்ரியை உடைத்துப் புடைத்தால் எத்தனை கிலோ பச்சைப் பருப்பு நிற்கிறதோ அதுதான் அவுட்டர்ன். பழுத்த பழமாகப் பார்த்து எடுத்து நன்றாகக் காயவைத்த அரபிகா என்றால் பாதிக்குப் பாதி, கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும். விலை பேசுவது மூட்டைக்கு, பணம் எண்ணுவது அவுட்டர்னை வைத்து. 50 கிலோ மூட்டைக்கு அவுட்டர்ன் 50 வரவேண்டிய இடத்தில் 48 என்று சொன்னால் ஒரு கிலோ பருப்பு போய்விடுகிறது. அதோடு 3 கிலோ கழிவு பிடித்தால் அதில் பாதி, ஒன்றரைக் கிலோ பருப்பு போகிறது. மூட்டையில் நிற்கும் 25 கிலோ பருப்பில் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ, அதாவது பத்தில் ஒரு பங்கு. விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் எங்கள் வருமானத்தில் பத்தில் ஒன்றை எடுத்துவிட முடிகிறது. விலை குறைந்தால் ஊரே பேசும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் வெளியே தெரிவதில்லை.

கழிவு எதற்கு என்று கேட்டால் மூன்று காரணம் சொல்கிறீர்கள். சாக்கு எடை என்கிறீர்கள். நீங்களே கொடுக்கும் பிளாஸ்டிக் சாக்கைத் தனியாக எடை போட்டுப் பாருங்கள், கால் கிலோகூட இராது. கல், மண் என்கிறீர்கள். சரி, வாங்கும் இடத்திலேயே ஒரு சல்லடையைப் போடுங்கள், நிற்கிற கல்லை எடை போட்டு அதைக் கழித்துக்கொள்ளுங்கள், யாரும் மறுக்க மாட்டோம். மூன்றாவது, சேலத்து வெயிலில் செர்ரி இன்னும் காய்ந்து எடை குறையும் என்பது. ஈரத்துக்கு என்று ஏற்கெனவே தனியாகப் பிடித்துவிடுகிறீர்களே! அதே ஈரத்துக்குக் கழிவு என்ற பெயரில் மறுபடியும் பிடிப்பதற்கு என்ன நியாயம்? அப்புறம், சாம்பிள் என்று மூட்டைக்கு மூட்டை கைப்பிடி அள்ளுகிறீர்கள். அது ஒருநாளும் மூட்டைக்குத் திரும்பியதில்லை, கணக்கிலும் வந்ததில்லை.

சென்ற பருவத்தில் என் செர்ரிக்கு 45 அவுட்டர்ன் என்று சொன்னார்கள். அப்போதே சில வியாபாரிகள் குடோனில் பார்த்துப் போனில் சொல்லும் முறையைத் தொடங்கிவிட்டார்கள். நான் மூட்டை கட்டும்போது அதே குவியலிலிருந்து ஒரு கிலோ எடுத்து வைத்திருந்தேன். அதை உரலில் இடித்து, முறத்தில் புடைத்து, மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 490 கிராம் பருப்பு நின்றது. உரலில் இடித்ததால் நொய் கொஞ்சம் தோலோடு பறந்திருக்கும், அதையும் சேர்த்தால் கூடத்தான் வரும். இதைக் கொண்டுபோய்க் காட்டினேன். உரல் கணக்கு வியாபாரத்துக்கு ஆகாது என்றார் அந்த வியாபாரி. ஆகிற கணக்கை என் கண்முன்னே போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டேன். உங்கள் மூட்டையை மற்ற மூட்டைகளோடு கொட்டிக் கலந்துவிட்டோம், இனி பார்க்க முடியாது என்றார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒருவர் பெயரை எழுதினால் அது அவர் ஒருவருடைய குற்றம் போல ஆகிவிடும். அன்றைக்கு ஒருவர் செய்ததைத்தான் இன்றைக்கு நீங்கள் எல்லோரும் விதியாக்கியிருக்கிறீர்கள்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு நடந்தது இதைவிட மோசம். கணவர் இல்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள். நான்கு மூட்டை போட்டார். மறுநாள் போனில் 43 என்றார்கள். அந்த விலைக்கு எனக்குக் கட்டாது, மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். தாராளமாக வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று பதில் வந்தது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய், வேன் வாடகை கொடுத்து, நான்கு மூட்டையைத் திரும்ப மலையேற்ற அவரால் முடியுமா? போனாலும் அது அவருடைய மூட்டைதானா என்று யார் சொல்வது? கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டார். அதை அவர் சம்மதித்து விற்றார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொருள் கையை விட்டுப் போன பிறகு விலை சொன்னால் மறுக்கிற இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். சோதனையைக் குடோனுக்கு மாற்றுவதில் எங்களுக்கு உள்ள பெரிய எதிர்ப்பு இதுதான். மூட்டைக்கு 3 கிலோவைக்கூட அடுத்ததாகத்தான் வைப்பேன்.

என் அப்பா பூல் காலத்து மனிதர். உங்களில் இளையவர்கள் அந்தக் காலத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டு, வாங்க ஆளில்லாமல் காப்பி தேங்கியபோது 1942-இல் ஒரு சட்டம் வந்தது. விளைகிற காப்பி முழுவதையும் காப்பி வாரியத்தின் பூலில்தான், அதாவது பொதுத் தொகுப்பில்தான் போட வேண்டும். வாரியம் அதை ஏலம் விட்டு, வந்த பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கும். கடைசித் தவணை வருவதற்குள் அடுத்தடுத்த பழம் எடுப்பே முடிந்துவிடும் என்பார் அப்பா. சொந்தத் தோட்டத்துக் காப்பியைத் தெரிந்தவருக்கு விற்பதும் குற்றம். அதை நல்ல காலம் என்று சொல்ல நான் வரவில்லை. கையில் காப்பி இருந்தும் கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கியவர் அப்பா.

1989-இல் உலக நாடுகள் தமக்குள் வைத்திருந்த ஏற்றுமதிப் பங்கீடு உடைந்தது. 1991-இல் நம் காப்பியை நிறைய வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் இல்லாமல் போனது. அதே வருடம் நம் நாடும் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. 1992-இல் ஒரு பகுதியைத் தாங்களே விற்றுக்கொள்ளலாம் என்று தொடங்கி, 1996-இல் முழுக் காப்பியையும் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஆனது. 1994-இல் பிரேசிலில் பனி விழுந்து உலகமெங்கும் விலை ஏறியபோது உங்கள் வேன் முதல்முறையாக எங்கள் ஊர் வரைக்கும் வந்தது. அன்றைக்கே கையில் பணம். அப்பா அந்த வருடம்தான் வீட்டுக்கு ஓடு மாற்றினார். சந்தை எங்களுக்குச் செய்த நல்லதை நான் மறைக்கவில்லை. அதில் உங்களுக்கு முந்தைய தலைமுறை வியாபாரிகளுக்கும் பங்கு உண்டு.

ஆனால் பூலில் ஒன்று இருந்தது. மூட்டையைக் கொண்டுபோய்ப் போட்டால் சீட்டு கொடுப்பார்கள். என்ன ரகம், எத்தனை கிலோ, எந்தத் தேதி என்று எழுதியிருக்கும். பணம் தாமதமானாலும் எவ்வளவு போட்டோம் என்பதில் சண்டை இல்லை. அப்பா அந்தச் சீட்டுகளில் பலவற்றை இன்னும் வைத்திருக்கிறார். கடந்த பத்து வருடத்தில் உங்களிடம் நாங்கள் போட்ட காப்பிக்குச் சாட்சியாக எங்கள் வீட்டில் இருப்பது சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிய எண்கள்தான். அதிலும் கையெழுத்து இல்லை, தேதி இல்லை.

அரசாங்கம் காப்பி வாங்குவதைத்தான் நிறுத்தியது. எடைக்கும் அளவுக்கும் உள்ள சட்டத்தை யாரும் நிறுத்தவில்லை. 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் ஏற்காட்டுக்கும் பொருந்தும். தொழிலாளர் துறை அதிகாரி முத்திரை வைத்த தராசில்தான் வாங்க வேண்டும். உங்களில் எத்தனை பேர் தராசில் இந்த வருடத்து முத்திரை இருக்கிறது என்று நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பற்றி நான் இதில் எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அரபிகா விலை நியூயார்க்கில் ஏறுகிறது, இறங்குகிறது. 2000-க்குப் பிறகு வியட்நாம் காப்பி வந்து குவிந்து விலை தரைக்கு வந்தபோது எங்கள் ஊரில் பழம் எடுத்த கூலிக்கே பணம் வரவில்லை. தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போனார்கள். அப்போது உங்கள் மேல் யாரும் பழி போடவில்லை. சந்தை இறங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று பொறுத்துக்கொண்டோம். 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அதுவரை இல்லாத உயரத்துக்கு விலை போனது. இறங்கும்போது முழுச் சுமையையும் தாங்கிய எங்களுக்கு, ஏறும்போது கிடைக்க வேண்டியதில் பத்தில் ஒன்றை எடையில் எடுப்பது எந்த வியாபார தர்மம்? காப்பி வாரியம் தினமும் வெளியிடும் விலையை எங்கள் பிள்ளைகள் போனிலேயே பார்த்துவிடுகிறார்கள். விலையில் இனி ஏமாற்ற முடியாது என்று தெரிந்ததும் கை எடைப் பக்கம் போகிறதா என்று அவர்கள் எங்களைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

பிடிக்காவிட்டால் வேறு ஆளிடம் போடுங்கள், இது திறந்த சந்தை என்கிறீர்கள். இந்த வார்த்தை எனக்கு மிகவும் வலித்தது. வேறு ஆள் எங்கே? இருக்கிற எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே கழிவு, ஒரே முறை என்று பேசி முடித்த பிறகு எந்தக் கடைக்குப் போனால் என்ன? அரசாங்கம் ஒன்றே வாங்கியபோது எங்களுக்கு வேறு வழி இல்லை. இப்போது பத்துப் பேர் ஒன்றாகச் சேர்ந்து வாங்கினாலும் வேறு வழி இல்லை. அன்றைக்காவது சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் எழுந்து கேட்க ஆள் இருந்தது. வாங்குபவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி விலையையோ வாங்கும் முறையையோ கட்டுப்படுத்தக் கூடாது என்பதற்கு 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இருக்கிறது. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. திறந்த சந்தை என்று எங்களுக்குப் பாடம் சொல்பவர்கள் அந்தச் சந்தைக்குரிய சட்டத்தையும் படித்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. இதே உங்கள் ஆட்கள் பெரிய எஸ்டேட்டுகளிலும் வாங்குகிறார்கள். அங்கே தராசு எஸ்டேட்டின் தராசு. ஈர மீட்டர் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் கண்முன்னே வைக்கப்படுகிறது. அவுட்டர்ன் அங்கேயே பார்க்கிறார்கள், பில் போடுகிறார்கள். எஸ்டேட்டில் பழம் எடுக்கப் போகும் எங்கள் ஊர்ப் பெண்கள் இதைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். ஒழுங்காக வாங்கத் தெரியாதவர்கள் என்று உங்களைச் சொல்ல முடியாது. தெரிந்தும் எங்களிடம் செய்யவில்லை. கேள்வி கேட்கக் கூடியவரிடம் ஒரு கணக்கு, கேட்க முடியாதவரிடம் வேறு கணக்கு என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எங்களில் பலருக்குப் படிப்பு குறைவு, அது உண்மை. அதற்காகத் தராசின் முள் வேறு இடத்தில் நிற்குமா?

முன்பணம் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் வாயை அடைத்து வைத்திருப்பது அதுதான். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா, அடுத்து ஜூனில் பள்ளிக்கூடம். காப்பிப் பணம் தீர்ந்துபோன மாதங்கள் அவை. அப்போது நீங்கள் கொடுக்கும் முன்பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. வங்கி தராததை நீங்கள் தருகிறீர்கள், அந்த உதவியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் முன்பணம் வாங்கியவர் உங்களிடம்தான் மூட்டை போட வேண்டும், அன்றைய விலையிலிருந்து குறைத்துத்தான் கொடுப்பீர்கள், எடையைப் பற்றிக் கேட்டால் அடுத்த வருடம் முன்பணம் கிடையாது. இந்த மடலில் என்னோடு சேர்ந்து பெயர் போடச் சம்மதித்த பல பேர் கடைசியில் தயங்கியது இதனால்தான். கடன் கொடுத்தால் வட்டி என்று வெளிப்படையாகக் கேளுங்கள், கொடுக்கிறோம். வட்டியைத் தராசில் ஒளித்து வாங்காதீர்கள்.

எங்கள் பக்கமும் எல்லோரும் ஒழுங்கு என்று நான் வாதாட மாட்டேன். பச்சைக்காயும் பழமுமாக உருவி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் உங்களுக்கு நஷ்டம் வந்திருக்கிறது என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். அதற்கு மருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி 3 கிலோ பிடிப்பதா? நன்றாகக் காயவைத்தவரிடமும் அதே கழிவு, ஈரத்தோடு கட்டியவரிடமும் அதே கழிவு என்றால் இனி யார் நன்றாகக் காயவைப்பார்கள்? வெயில் இருக்கும்வரை களத்தில் நின்று மணிக்கொரு தரம் கிளறிவிட்டு, மாலையில் பனி படாமல் குவித்து மூடி, இரண்டு வாரம் காவல் காக்கிற பெண்ணுக்கு அதற்கான பலன் எங்கே? கைப்பிடி செர்ரியை அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும், அதுவரை காயவை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிக் காயவைத்தால் எடை குறையும் என்று தெரிந்தேதான் செய்கிறோம். எங்கள் கண்முன்னே மீட்டர் வைத்துப் பார்த்தால் ஏமாற்றுகிறவரும் அங்கேயே அகப்படுவார், உழைத்தவருக்கும் அங்கேயே நியாயம் கிடைக்கும்.

மலைக்குக் கீழே இறங்கினால் இதெல்லாம் புதிய கோரிக்கை இல்லை. சேலம் லீ பஜாரில் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மஞ்சள் ஏலம் நடக்கிறது. விவசாயி தன் மூட்டை பக்கத்தில் நிற்கிறார், வியாபாரிகள் வந்து பார்த்து விலை கேட்கிறார்கள், கட்டாவிட்டால் மறுத்துவிடலாம். ஆத்தூர், தலைவாசல் பக்கம் மரவள்ளி போடுகிறவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே நோவு: கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவு இருக்கிறது என்பதை ஆலை சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் பணம். அவர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, மாவட்ட நிர்வாகம் விவசாயிகளையும் ஆலைக்காரர்களையும் உட்காரவைத்து முத்தரப்புக் கூட்டம் நடத்தும் வரைக்கும் வந்திருக்கிறார்கள். எல்லாம் தீர்ந்துவிடவில்லை, ஆனாலும் பேச ஒரு இடம் இருக்கிறது. காப்பித்தூள் வாங்குகிறவருக்குக்கூடச் சட்டம் துணை இருக்கிறது. சிக்கரி கலந்த தூள் என்றால் பாக்கெட்டில் எத்தனை சதவீதம் என்று அச்சடிக்க வேண்டும், காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. செவ்வாய்ப்பேட்டையில் கால் கிலோ தூள் வாங்குகிறவருக்குத் தன் கையில் இருப்பது என்ன என்று தெரிகிறது. அதை விளைவித்தவருக்குத் தான் விற்றது எவ்வளவு என்று தெரியக் கூடாதா?

எங்கள் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

மூட்டைக்கு 3 கிலோ கழிவு என்ற முடிவைக் கைவிடுங்கள். சாக்கு எடையைச் சாக்கை எடை போட்டுக் கழியுங்கள், கல்லைச் சலித்து எடை போட்டுக் கழியுங்கள். எடுத்த சாம்பிள் எடையில் சேர வேண்டும்.

அவுட்டர்னையும் ஈரத்தையும் மூட்டை மலையை விட்டு இறங்குவதற்கு முன்பு, விற்பவர் முன்னிலையில் பாருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் மீட்டர் கொண்டுவருவது சிரமம் என்றால் நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை மாதிரி நாலைந்து இடத்தில் வாரத்தில் ஒரு நாள் வையுங்கள், நாங்கள் மூட்டையை அங்கே கொண்டுவருகிறோம். உடைத்துப் பார்க்கச் சின்ன இயந்திரம் வைப்பதில் செலவு இருந்தால் எங்கள் மகளிர் குழுக்கள் பாதிச் செலவை ஏற்கத் தயாராக இருக்கின்றன. இது வாய்ப்பேச்சு இல்லை, குழுவில் வைத்துப் பேசி முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்படிப் பார்த்த சாம்பிளில் ஒரு பகுதியை இருவர் கையெழுத்தோடு கட்டி விற்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தகராறு வந்தால் இரண்டு பேருக்கும் பொதுவான ஒருவரிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும் ஒவ்வொரு தடவையும் சீட்டு கொடுங்கள். தேதி, எடை, ஈரம், அவுட்டர்ன், அன்றைய விலை, பிடித்த தொகை, எதற்காகப் பிடித்தது, மொத்தம், உங்கள் கையெழுத்து. தமிழில், அச்சிட்ட சீட்டில். எஸ்டேட்டுக்கு எழுதுகிற கைக்கு எங்களுக்கு எழுதுவது பாரமாக இருக்காது.

முன்பணக் கணக்கைக் காப்பிக் கணக்கோடு கலக்காதீர்கள். வாங்கிய முன்பணம், அதற்கு வட்டி, திருப்பியது என்று தனியாக ஒரு சின்ன நோட்டில் எழுதி அவரவரிடம் கொடுங்கள். முன்பணம் வாங்கியவர் கேள்வி கேட்டார் என்பதற்காக அடுத்த வருடம் அவரை ஒதுக்க மாட்டோம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். இதைச் சொல்வது உங்களில் சிலருக்குக் கசக்கும், தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாலும் ஒரு பயனும் இல்லை.

இதையெல்லாம் பேசி முடிவெடுக்க வியாபாரிகள், சிறு விவசாயிகள், காப்பி வாரிய அலுவலர்கள் மூவரும் உட்காரும் கூட்டம் ஒன்று ஏற்காட்டிலேயே நடக்க வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கு அதற்கான மனுவை இந்த மடலோடு சேர்த்தே கொடுக்கிறோம். கூட்டத்துக்கு வருவீர்களா, மாட்டீர்களா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

மார்கழி பாதியில் எங்கள் ஊரில் முதல் மூட்டைகள் கட்டத் தொடங்கிவிடுவோம். அதற்குள் உங்கள் பதில் வரவேண்டும். வராவிட்டால் எங்கள் குழுவைச் சேர்ந்த குடும்பங்கள் செர்ரியை வீட்டிலேயே அடுக்கி வைப்பது என்றும், சீட்டு இல்லாமல், நேரில் பார்க்காமல் யாருக்கும் ஒரு மூட்டையும் போடுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். முன்பணம் வாங்கியவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கக் குழுவின் சேமிப்பிலிருந்து கடன் தருவோம்.

இப்படிக்கு,
நாகலூர் பக்கத்துச் சிறு காப்பி விவசாயி ஒருத்தி,
எங்கள் மகளிர் குழுவின் சார்பில்